எட்டுக் குஞ்சுகளும் ஒரு மெமோவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் விலங்கியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்றார். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று வங்கி, இன்னொன்று மீன். கூட்டுறவு வங்கியில் 35 வருஷம் இருந்தவன் வங்கியைப் பற்றிப் பேசினால் முதல் வரிசையிலிருந்தே குறட்டை கேட்கும். அதனால் மீன். "வீட்டுத் தொட்டியில் சிக்லிட் குஞ்சுகளைத் தேர்வு செய்து ஜோடி சேர்ப்பது எப்படி" என்று அழைப்பிதழிலும் போட்டுவிட்டார்கள். ஆனால் இந்த வளாகத்தில் நின்று மீனைப் பற்றிப் பேசுவதென்றால் கூடவே ஒரு பழைய கதையையும் நான் சொல்லியாக வேண்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். கடைசிக்கு வைத்தால் தைரியம் போய்விடும். ஆகவே நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கியல் படிக்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். சிக்லிட் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். குடமுருட்டியிலும் வாய்க்காலிலும் துண்டை விரித்துப் பிடித்தோமே, ஜிலேபி, அது சிக்லிட்தான். ஆப்பிரிக்காக்காரன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். குளம் குட்டை எல்லாம் அவன் ராஜ்யமாகிவிட்டது. அதில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். கடைத் தொட்டியில் முக்கோணமாக மிதக்கிற ஏஞ்சல், நாய்க்குட்டி மாதிரி முகம் பார்க்கும் ஆஸ்கர், வரி போட்ட கான்விக்ட் எல்லாம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்து உறவுகள்.

நம் நாட்டுக்கே உரிய சிக்லிட் மூன்றே மூன்று. ஒன்று கரிமீன், 2010இல் கேரள அரசு தன் மாநில மீனாக அறிவித்ததே, அதுதான். இன்னொன்று கன்னடக் கரையோர ஆறுகளில் இருப்பது. மூன்றாவது நம் செல்லக்காசு. பெயரைப் பாருங்கள், எவ்வளவு அழகு! மஞ்சள் உடம்பு, விலாவில் கறுப்புப் பொட்டு, வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதற்கு 1795இல் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவர். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த ஜான் என்ற பாதிரியார் நம் கரையோர மீன்களைப் பிடித்துப் பதப்படுத்தி அவருக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தச் செல்லக்காசுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? மடகாஸ்கர் தீவில். நடுவில் ஒரு மகா சமுத்திரம். நாம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் சம்பந்தம் பண்ணவே தூரம் என்கிறோம்.

இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ஒரு குணம் பொது. பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போகாது, காவல் காக்கும். எங்கள் பேராசிரியர் வகுப்பில் கான்ராட் லோரன்ஸ் எழுதியதைச் சொல்வார். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் தொட்டியில் ஒரு தகப்பன் மீன் வாய் நிறையப் புழுவை மென்றுகொண்டிருந்தது. வழி தவறிய குஞ்சு ஒன்று எதிரே வந்தது. பழக்கத்தில் அதையும் வாயில் கவ்விவிட்டது. வாய்க்குள் ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் பிள்ளை! கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் துப்பியது. குஞ்சின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே புழுவை நிதானமாகத் தின்று முடித்தது. அப்புறம் குஞ்சைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போனது. இதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு மீன் பைத்தியம் பிடித்துவிட்டது.

இனி அந்தக் கதை.

1981. நான் இறுதியாண்டு. பேராசிரியர் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து எட்டு ஏஞ்சல் குஞ்சுகள் வாங்கி, பாலிதீன் பையில் போட்டு, மெயின் லைன் ரயிலில் ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் ஐம்பது பைசா அளவு. லேபில் மூன்றடித் தொட்டியில் விட்டோம். தீனி என் பொறுப்பு. தண்ணீர் மாற்றுவது, தொட்டி கழுவுவது எல்லாம் லேப் அட்டெண்டர் அண்ணனின் பொறுப்பு. பாபநாசத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அவர் பெயரை இங்கே சொல்ல வேண்டாம் என்று அவர் மகன் கேட்டுக்கொண்டார். என் செட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

பத்து மாதத்தில் மீன்கள் நன்றாக வளர்ந்துவிட்டன. கல்லூரிக் கண்காட்சி வந்தது. "பெற்றோர் பராமரிப்பு" என்று போர்டு எழுதி, முட்டையோடு ஒரு ஜோடியைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. பேராசிரியர் ஊரில் இல்லை. எட்டில் பெரிசாக, பளபளவென்று இருந்த இரண்டைப் பார்த்து, இது ஆண், இது பெண் என்று நானே முடிவு செய்தேன். சாயங்காலம் பிடித்து ஒரு இரண்டடித் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பார்க்கிறேன், ஒன்று அடியில் கிடக்கிறது. துடுப்பெல்லாம் நார் நாராகக் கிழிந்து, ஒரு கண்ணே இல்லை. மற்றது நடுத் தொட்டியில் கம்பீரமாக நிற்கிறது.

செத்ததைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன். முதல் நாள் ராத்திரி ஒரு மணி நேரம் கரண்டு போயிருந்தது. துறைத் தலைவர் கேட்டபோது, "ஏர் பம்ப் நின்னுடுச்சு சார், கரண்டு வந்தப்புறம் யாரும் சுவிட்சைப் போடலை போலிருக்கு" என்றேன். 'யாரும்' என்று நான் சொன்னாலும் அந்த வேலை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். மீன் விலை என்று சம்பளத்தில் பத்து ரூபாய் பிடித்தார்கள். அவர் அந்தக் காகிதத்தை வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

நண்பர்களே, நான் செய்த தவறுகளை மீன் வளர்ப்புக் கணக்கில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சலைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. முட்டையிடும் சமயத்தில் வயிற்றடியில் சின்னக் குழல் போல ஒன்று வெளியே நீளும். ஆணுக்குக் கூர்மையாக, மெலிதாக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து, மழுங்கி இருக்கும். அந்த இரண்டு மூன்று நாள் தவிர மற்ற நேரமெல்லாம் யூகம்தான். கடைக்காரர் "கன்ஃபார்ம் ஜோடி சார்" என்று அடித்துச் சொன்னால், முட்டை எங்கே என்று கேளுங்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பெண்களும் ஜோடி போல ஒன்றாக இருந்து, இலையைச் சுத்தம் செய்து, இரண்டுமே முட்டையிட்டு, இரண்டுமே காவலும் காக்கும். மூன்றாம் நாள் முட்டையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போகும். அப்போதுதான் நமக்கு விஷயம் புரியும். இரண்டாவது தவறு, பெரிசாக இருந்ததையே எடுத்தது. நிறைய சிக்லிட் இனங்களில் ஆண்தான் வேகமாக வளரும். பெரிசு பெரிசாகப் பொறுக்கினால் ஆணாகவே வந்து சேரும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது, சின்னத் தொட்டி. தோற்றது ஓடி ஒளிய இடம் கிடையாது.

எல்லாவற்றையும் விட வேதனை என்னவென்றால், அந்தப் பெரிய தொட்டியிலேயே ஒரு ஜோடி தானாகச் சேர்ந்திருந்தது. ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது. வடிகட்டி இருந்த மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தன. தினமும் தீனி போட்டவன் நான். சண்டைக்காரப் பசங்க என்று திட்டினேனே ஒழிய, அது என்ன என்று பார்க்கவில்லை. நான் பிடித்துப் போட்டவை இரண்டும் அவற்றுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த மீன்கள்.

படித்து முடித்தேன், 1984இல் வங்கி வேலை கிடைத்தது. ஊர் ஊராக மாற்றல். 1996இல் பாபநாசம் கிளைக்கு வந்தேன். வந்த மாதமே திருப்பாலைத்துறை கோயிலுக்குப் போனேன். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் அங்கே இருக்கிறதே, 3000 கலம் கொள்ளும் என்பார்கள், அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து, "என்ன தம்பி, இன்னும் ஏஞ்சல் வளக்கிறீங்களா?" என்று ஒரு குரல். அண்ணன்தான். ரிட்டயர் ஆகி, தலை பூரா வெள்ளை. எனக்குக் காலே நகரவில்லை. வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கூட்டிப் போனார். அண்ணி காபி கொடுத்தார்கள்.

கொல்லைப் பக்கம் விதைநெல் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி. அதில் செல்லக்காசு. திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதுவும் செல்லக்காசு. அந்தத் தொட்டியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கல்லூரியில் ஒழுகுகிறது என்று ஏலம் விட்டதை எடுத்து, மூலையைச் சரிபண்ணி வைத்திருந்தார். எங்கள் மூன்றடித் தொட்டி!

விலங்கியலில் பட்டம் வாங்கிய நான் சிக்லிட் வளர்க்கக் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்தான். அவர் முறையை அப்படியே சொல்கிறேன். ஏஞ்சலுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

குஞ்சு எடுக்கும்போது ஒரே இடத்தில் எடுக்க மாட்டார். முத்துப்பேட்டைப் பக்கம் வலை போடும் ஒரு சொந்தக்காரரிடம் ஆறு, வேறொரு கால்வாயில் ஆறு. ஒரே வயிற்றுப் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் நாலு தலைமுறையில் கோணலும் மாணலுமாக வரும் என்பார். மரபியல் தாளில் நான் முதல் வகுப்பு வாங்கிய பாடம் இது.

குஞ்சுகளை வெள்ளை பேசினில் ஊற்றி முதலில் மேலிருந்து பார்ப்பார். முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும். பிறகு கண்ணாடி டம்ளரில் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் பார்ப்பார். உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிசாக இருந்தால் அது வளர்ச்சி குன்றிய குஞ்சு. வயசு ஆகியிருக்கும், உடம்பு ஏறியிருக்காது. செவுள் மூடி முழுசாக மூட வேண்டும். வயிறு உள்வாங்கி, முதுகு கத்தி மாதிரி இருந்தால் வேண்டாம். அடுத்த பரீட்சை தீனி. கொசுப்புழுவைத் தூவினால் முதலில் ஓடி வருவதில் நாலு, நிதானமாக வருவதில் நாலு, கொஞ்சம் சின்னதாக ஆனால் சுறுசுறுப்பாக இருப்பதில் நாலு. "எல்லாத்தையும் ரவுடியா எடுத்துப்புட்டா அப்புறம் குடும்பம் எப்படி நடக்கும் தம்பி?" என்பார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றுமே கிடையாது. காத்திருந்தார். இதுதான் இந்த வேலையில் ரொம்பக் கஷ்டமான பகுதி. பன்னிரண்டும் ஒரே தொட்டியில் வளரும். அடியில் உடைந்த நாட்டு ஓடு நாலைந்து, பாதி உடைத்த பூந்தொட்டி ஒன்று. சில மாதத்தில் ஒரு நாள் இரண்டு மீன் ஒரு ஓட்டைச் சொந்தம் கொண்டாடும். பக்கத்தில் எது வந்தாலும் இரண்டும் சேர்ந்து துரத்தும். ஒன்றுக்கொன்று முகம் காட்டி உடம்பை நடுக்கும். ஓட்டை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அப்போது நாம் என்ன செய்வோம்? அந்த ஜோடியைப் பிடித்துத் தனித் தொட்டியில் விடுவோம். அவர் அதற்கு நேர்மாறு. ஜோடியைத் தொட மாட்டார், மற்ற பத்தையும் பிடித்துச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றுவார். இடம்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது, இடம் மாறினால் சில சமயம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எல்லோரும் போனபிறகு, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஆண் பெண்ணையே துரத்துவதும் உண்டு. அதற்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார். நடுவில் போட்டு நாலைந்து நாள் முகம் மட்டும் பார்க்க விட்டு, பிறகு எடுப்பார். அப்படியும் சேராவிட்டால் விட்டுவிடுவார். ஜாதகம் பார்த்துச் செய்தவர்களே கோர்ட்டில் நிற்கும்போது இதற்கு என்ன செய்ய முடியும்!

ஜோடி என்றால் ஆயுசுக்கும் ஒரே ஜோடி என்று கதை கட்டுவார்கள். நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. துணை செத்துப்போன ஏஞ்சல் வேறு துணையோடு சேர்ந்ததை என் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன்.

செல்லக்காசு ஓட்டின் மேல் இருநூறு முட்டை வரை ஒட்டி வைக்கும். தாய் தகப்பன் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். பூத்த முட்டையைக் கொத்தி எடுத்துவிடும். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரிந்ததை வாயில் அள்ளி மணலில் பறித்த குழிக்குள் வைக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும். அப்போது பெற்றோரின் வயிற்றடித் துடுப்பு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஆபத்து என்றால் அந்தக் கறுப்புத் துடுப்பைப் படபடவென்று வெட்டும், குஞ்செல்லாம் அம்மாவிடம் ஓடி வரும். இன்னும் ஒரு அதிசயம், குஞ்சுகள் பெற்றோரின் விலாவை உரசி உரசி, உடம்பின் மேல் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். இதை அமெரிக்காவில் ஜாக் வார்டு, ஜார்ஜ் பார்லோ என்ற இருவர் இந்த மீனிலேயே ஆராய்ந்து 1967இல் எழுதியிருக்கிறார்கள். குஞ்சு கரிமீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்வதையும் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ணன் எந்த ஆராய்ச்சியும் படித்தவரில்லை. "பால் குடிக்குது பாருங்க" என்றார்.

முதல் ஈட்டு முட்டையைப் பெற்றோரே தின்றுவிட்டால் பதற வேண்டாம். இளம் ஜோடி, பழக்கமில்லை. இரண்டு மூன்று தடவை பொறுத்தால் கற்றுக்கொள்ளும். பொறுமை இல்லாதவர்கள் முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்கிறார்கள். கொளத்தூர்ப் பக்கம் வியாபாரத்துக்கு வளர்ப்பவர்களுக்கு அது கட்டாயம், குறை சொல்ல மாட்டேன். நமக்கென்ன அவசரம்?

குஞ்சுக்குத் தீனி நம் ஊரில் சும்மா கிடைக்கும். வைக்கோலை ஒரு பானைத் தண்ணீரில் ஊறவைத்து நாலைந்து நாள் விட்டால் நுண்ணுயிர் பெருகும். அதைக் கரண்டியால் விடலாம். மருந்தடித்த வயல் வைக்கோல், மருந்தடித்த வயலோரக் கொசுப்புழு இரண்டும் கூடாது. ஒரே நாளில் தொட்டி காலி. தண்ணீர் ஏஞ்சலுக்கு மென்மையாக வேண்டும், மழைத் தண்ணீர் பாதி கலப்பது நல்லது. செல்லக்காசு உப்பங்கழி வரைக்கும் போகிற மீன், நம் போர்த் தண்ணீர் அதற்குக் கஷ்டமில்லை. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அந்தத் திண்ணைக்கு நாலு மாதம் போய் வந்தபிறகு ஒரு சாயங்காலம் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு கரண்டு இல்லண்ணே. நான்தான் ரெண்டு மீனை மாத்திப் போட்டேன். அடிச்சுக் கொன்னுடுச்சு."

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் தம்பி. கரண்டு போனா ரெண்டும்ல சாவணும்? ஒண்ணு மட்டும் எப்படிச் சாவும்? குப்பைக் கூடையைக் கொட்டுனவன் நான்தானே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"படிக்கிற புள்ள. பேப்பர்ல எழுதிப்புட்டாங்கன்னா? எனக்கு மெமோ புதுசா?"

புதுசுதான். அவருடைய சர்வீஸில் அது ஒன்றுதான் என்று அவர் மகன் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். பத்து ரூபாயைத் திருப்பித் தர நான் முயன்றதை விவரிக்க வெட்கமாக இருக்கிறது. அவர் வாங்கவில்லை. தூக்குவாளியில் ஆறு செல்லக்காசுக் குஞ்சு போட்டுக் கொடுத்தார். 2009இல் அவர் காலமானார். அவரிடம் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். ஆனால் அந்த மெமோ கொடுத்த இடம் அவர் வீட்டுத் திண்ணை கிடையாது, இந்தக் கட்டடம். போன மாதம் முதல்வர் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய பணிப் பதிவேடு இன்னும் இருந்தால் அதோடு என் கடிதத்தையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செல்லரித்துப் போயிருந்தால் இந்த மலரிலாவது அச்சில் இருக்கட்டும். 1981இல் விலங்கியல் லேபில் செத்த ஏஞ்சல் மீனுக்குப் பொறுப்பு நான். அட்டெண்டர் அண்ணன் அன்றைக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது பாபநாசத்திலேயே குடியிருக்கிறேன். அந்த ஆறு குஞ்சின் வம்சத்தோடு, வெளியிலிருந்தும் அவ்வப்போது ரத்தம் சேர்த்து, நாலு ஜோடி வைத்திருக்கிறேன். வளர்க்க விரும்பும் மாணவர்கள் ஞாயிறு காலையில் வரலாம், காசு வேண்டாம். ஆளுக்கு எட்டுக் குஞ்சுக்குக் குறைந்து தர மாட்டேன். இரண்டு கொடுங்கள் சார், ஜோடியாக, என்று கேட்காதீர்கள். மூன்றடித் தொட்டி தயார் செய்து, ஒரு வாரம் தண்ணீர் ஓடவிட்டு, அப்புறம் வாருங்கள். வளர்ப்பு அலுத்துப் போனால் என்னிடமே திருப்பிக் கொண்டு வாருங்கள். ஏஞ்சலோ கான்விக்ட்டோ, வாஸ்து மீன் என்று வாங்கி வைத்துப் பிறகு வெறுத்துப்போன ஃபிளவர்ஹார்னோ, எதையும் குடமுருட்டியில் கொட்டாதீர்கள். ஜிலேபி ஒன்றே போதும். வரும்போது மூடி போட்ட தூக்குவாளி கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பை பஸ்ஸில் நசுங்கும்.